மெல்ல நிகழும் மாற்றங்கள்

(சங்கக் கூட்டமொன்றிலே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சிறியேன் பல்கலைக்கழகத்திலே இரசாயனவியலை ஒரு பாடமாகப் பயிலும் மாணவன். அந்த ஒரே காரணத்துக்காக, "விஞ்ஞானத்திலே ஏதேனுமொரு பொருள்பற்றி, எல்லாருக்கும் விளங்கக்கூடிய தமிழிலே பேசவேண்டும்" எனச் செயலாளர் கட்டளையிட்டார். "எல்லாருக்கும் விளங்கக்கூடிய" என்ற சொற்களை அவர் சற்று அழுத்தியே சொன்னார். ஆதலின் பரிசோதனைச் சாலையிலுள்ள கண்ணாடிக் குழாய்களை அங்கேயே விட்டுவிட்டு, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எமது ஊர்க் கிணற்றடியிலும் நாம் நாள்தோறும் காண்பவற்றைக் கொண்டே பேச எண்ணியுள்ளேன். பேச்சிலே குறையிருப்பின் பெரியோர்கள் பொறுத்தருள்க.

முதலிலே கர்ப்பூரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு தட்டிலே இரண்டு கர்ப்பூரக் கட்டிகளை வைத்து, ஒன்றைக் கொளுத்துகின்றோம். சில நிமிடங்களில் அது சுடர்விட்டு எரிந்து மறைகின்றது. மற்றதைக் கொளுத்தாமல் திறந்தபடியே விட்டுவிடுகின்றோம். நாளடைவில் அதுவும் தேய்ந்து தேய்ந்து மறைந்து போகின்றது. கண்ணுக்கு இரண்டும் ஒரே முடிவாகத்தான் தோன்றும். ஆனால் இரண்டும் வேறு. எரிந்த கர்ப்பூரம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் மாறிவிட்டது. அங்கே இப்பொழுது கர்ப்பூரம் என்ற பொருளே இல்லை. இஃது இரசாயன மாற்றம். எரியாத கர்ப்பூரமோ திண்ம நிலையிலிருந்து நேரே ஆவியாகிக் காற்றிலே கலந்தது. அறையிலே மணக்கின்றதே, அது கர்ப்பூரமேதான். இதனைப் பதங்கமாதல் என்பர். இது பௌதிக மாற்றம். கர்ப்பூரத்தை மூடிய போத்தலிலே நெடுநாள் வைத்திருந்தோர், போத்தலின் மேற்புறத்திலே அது சிறு சிறு பளிங்குகளாகத் திரும்பவும் படிந்திருப்பதைக் கண்டிருப்பர். போனது மீண்டும் வந்துவிட்டது.

இவ்வாறான உதாரணங்களைக் காட்டியே, "பௌதிக மாற்றம் மீளும், இரசாயன மாற்றம் மீளாது" என்று பாடசாலையிலே கற்பிக்கின்றனர். நான் கற்ற மிஷன் பாடசாலையிலே வேதாகம வசனங்களை மனனஞ் செய்தவாறே இந்த வாக்கியத்தையும் மனனஞ் செய்தோம். பரீட்சையிலே இதற்குப் புள்ளியும் கிடைக்கும். பனிக்கட்டி உருகினால் மீண்டும் உறையும். கடதாசி எரிந்தால் மீண்டும் கடதாசியாகாது. ஒரு மணி நேரத்துள் முடிந்துவிடும் மாற்றங்களுக்கு இவ்விதி ஒருவாறு பொருந்துகின்றது. ஆனால் இயற்கையிலே பெரும்பாலான மாற்றங்கள் மெல்லவே நிகழ்கின்றன. ஓராண்டில் ஒரு நூலளவு, ஒரு நூற்றாண்டில் ஒரு சாணளவு என்று அவை நடைபெறுகின்றன. அங்கே இந்த விதியைக் கொண்டு அளந்தால், மீளாது என்றது மீளுகின்றது. மீளும் என்றது போனது போனதேயாகின்றது. இது புத்தகத்தோடு போடும் வழக்கன்று. எமது வீடும் கிணறும் கடற்கரையும் இதிலே அடங்கியிருக்கின்றன. எவ்வாறென்பதைச் சில காட்சிகளிலே பார்ப்போம்.

வெள்ளவத்தையிலே காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளிலே குடியிருப்போருக்குக் கறளைப்பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. படலை, யன்னற் கம்பி, சைக்கிள், மின்விசிறியின் திருகாணி வரை எதையும் அது விட்டுவைப்பதில்லை. நூல்களிலே துரு என்று எழுதப்படுவதைத்தான் நாம் கறள் என்கின்றோம். இரும்பும், நீரும், ஒட்சிசனும் கூடினாற் கறள் உண்டாகும். கடற்காற்றிலே வரும் உப்பு, கம்பியின் மேலுள்ள நீர்ப்படலத்தை மின்னை நன்கு கடத்தும் திரவமாக்கி அவ்வேலையைத் துரிதப்படுத்துகின்றது. கறள் பிடித்தலும் எரிதலும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. இரண்டும் ஒட்சிசனோடு சேருதலே. இவ்வுறவை 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே தெளிவாக்கியவர் பிரெஞ்சு விஞ்ஞானி லவோசியே. கம்பி கறள்பிடிக்கும்போதும் வெப்பம் வெளிவருகின்றது. ஆனால் அது பல ஆண்டுகளுக்குப் பகிரப்படுவதால் எமது கைக்கு அது தெரிவதில்லை. வெள்ளவத்தையிலுள்ள ஒவ்வொரு இரும்புப் படலையும் புகையில்லாமல் எரிந்துகொண்டிருக்கின்றது என்று சொன்னால் அது மிகையாகாது.

இம்மாற்றம் வீட்டின் சுவருக்குள்ளும் நிகழ்கின்றது. கொங்கிறீற்றுக்குள்ளே கம்பி இருக்கின்றது. சீமெந்தின் காரத்தன்மை அக்கம்பியின்மேல் ஒரு நுண்ணிய காப்புப் படலத்தை உண்டாக்கி, அதனைப் பாதுகாத்து வருகின்றது. ஆனால் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உட்புகுந்து அந்தக் காரத்தன்மையைக் குறைக்கின்றது. கடலுப்பிலுள்ள குளோரைட்டும் உள்ளே சென்று அப்படலத்தைத் துளைக்கின்றது. ஒருநாள் கம்பி கறள்பிடிக்கத் தொடங்குகின்றது. கறளானது தான் தோன்றிய இரும்பைப்போல இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இடம் பிடிக்கும். இடம் போதாமையால் அது கொங்கிறீற்றை நெருக்குகின்றது. முதலிலே ஒரு மண்ணிறக் கோடு, பின்பு ஒரு வெடிப்பு, பின்பு மேற்றளத்திலிருந்து ஒரு துண்டு கீழே விழுகின்றது. தொடக்கம் இரசாயன மாற்றம். முடிவு பௌதிக மாற்றம். மண்ணிறக் கோடு தெரிந்தவுடனே உடைத்துக் கம்பியைச் சுத்தஞ் செய்து பூசுவோருக்குச் சிறு செலவு. வருடப் பிறப்புக்கு முன் அதன்மேற் புதுவர்ணம் பூசி மறைப்போருக்குப் பெருஞ் செலவு.

கறள்பிடித்த இரும்பு மீளாதா? மீளும். நிலத்திலிருந்து தோண்டியெடுக்கும்போது இரும்பு பெரும்பாலும் ஒட்சைட்டாகத்தான் இருக்கின்றது. மனிதன் அதனை உலையிலிட்டு, நிலக்கரியைச் செலவழித்து, ஒட்சிசனைப் பிரித்தெடுத்து இரும்பாக்குகின்றான். கறள்பிடித்தல் என்பது இரும்பு தன் பழைய வீட்டுக்குத் திரும்பிச் செல்லும் வழி. இரசாயன மாற்றம் இரு திசையிலும் நடக்கக்கூடியது. ஒரு திசையிலே தானாக நடக்கும், மற்றத் திசையிலே விலை கொடுக்கவேண்டும். அவ்வளவே வேறுபாடு.

விலையே இல்லாமல் திரும்பும் இரசாயன மாற்றமும் ஒன்று உண்டு. வெற்றிலை போடும் பெரியோர்களின் தட்டத்திலே அது இருக்கின்றது. சுண்ணாம்புக் கல்லைச் சூளையிலிட்டுச் சுட்டால் காபனீரொட்சைட்டு வெளியேறி நீறாத சுண்ணாம்பு எஞ்சும். அதிலே நீர் விட்டால் கொதித்து நீறும். அந்தச் சுண்ணாம்பைச் சிமிழிலே திறந்து வைத்தால், சில நாட்களில் அதன் மேலே ஒரு கடினமான ஆடை படிகின்றதல்லவா? காய்ந்துவிட்டது என்கின்றோம். காய்ந்தது மாத்திரமன்று. காற்றிலிருந்து காபனீரொட்சைட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அது மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகிவிட்டது. சூளை பிரித்ததைக் காற்று சேர்த்துவைத்தது. சுண்ணாம்புச் சாந்தினாற் கட்டிய எமது ஊர்ப் பழைய நாற்சார் வீடுகளின் சுவர்கள் வயது செல்லச் செல்ல உறுதி பெற்றமைக்கும் இதுவே காரணம்.

யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதுமே இந்தச் சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்துள்ளது. மயோசீன் என்னும் காலத்திலே, அதாவது 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே முடிந்துவிட்ட ஒரு யுகத்திலே, ஆழங் குறைந்த கடலடியிற் படிந்த கல் அது. மாரி மழை மண்ணினூடாக இறங்கும்போது காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு ஒரு மென்மையான அமிலமாகின்றது. சோடாப் போத்தலிலே உள்ளதும் இவ்வமிலமே. இது சுண்ணாம்புக் கல்லைத் துளித்துளியாகக் கரைத்து, கல்லுக்குள்ளே வெடிப்புக்களையும் குகைகளையும் உண்டாக்குகின்றது. குகையின் கூரை இடிந்து விழுந்த இடந்தான் புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணறு. கீரிமலையிலே கடலின் ஓரத்தில் நன்னீர் ஊறி வருவதும் இவ்வெடிப்புக்களின் வழியாகவே.

இவ்வாறு கரைந்த கல் எங்கே போகின்றது? ஒரு பகுதி எமது கேத்தலுக்கு வருகின்றது. ஊரிலே தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலின் உட்புறத்திலே வெள்ளையாகப் படிவதை எல்லாத் தாய்மாரும் அறிவர். கொழும்பிலே குழாய்த் தண்ணீருக்கு அவ்வளவாகப் படிவதில்லை. ஏனெனில் களனி கங்கையின் நீர் கருங்கற் பிரதேசத்திலிருந்து வருவது. அதிலே கல்சியம் குறைவு. யாழ்ப்பாண நீரைச் சூடாக்கியதும் காபனீரொட்சைட்டு வெளியேறுகின்றது. கரைந்திருந்த கல் மீண்டும் கல்லாகப் படிகின்றது. மழை நெடுங்காலம் கரைத்ததை அடுப்பு பத்து நிமிடத்திலே திருப்பித் தந்துவிட்டது. "இரசாயன மாற்றம் மீளாது" என்ற வாக்கியத்துக்கு எதிர்ச்சாட்சி எமது அடுக்களையிலேயே இருக்கின்றது.

இனி மற்றப் பக்கத்தைப் பார்ப்போம். மீளும் என்று சொல்லப்படும் பௌதிக மாற்றம் எவ்வாறு நடந்துகொள்கின்றது? அதற்கு மணலை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மணல் எங்கிருந்து வருகின்றதென்பதை முதலிலே அறிதல் வேண்டும்.

மத்திய மலைநாட்டின் பாறைகளிலே பல கனியங்கள் கலந்துள்ளன. வெயிலாலும் மழையாலும் அவை விரிந்தும் சுருங்கியும் வெடிக்கின்றன. இது பௌதிக மாற்றம். வெடிப்பினூடாக மழை நீர் சென்று, பெல்சுபார் என்னும் கனியத்தைக் களிமண்ணாக மாற்றுகின்றது. இஃது இரசாயன மாற்றம். குவாட்சு என்னும் கடினமான கனியம் மாத்திரம் எளிதில் மாறாமல் தனித்து நிற்கின்றது. அந்தக் குவாட்சுப் பருக்கைகளே பெரும்பாலும் ஆற்று மணல். பாறையை உடைக்க இரண்டு மாற்றங்களும் கைகோத்து வேலை செய்கின்றன. ஒன்று வழி திறக்கின்றது, மற்றது உட்புகுகின்றது.

இவ்வேலையை மழையும் வெப்பமும் மிக்க தென்மேற்குச் சமவெளியிலே இன்னும் நெடுங்காலம் செய்யவிட்டால் விளைவது கபுக்கல். கரையக்கூடியவை யாவும் மழையோடு போய், இரும்பினதும் அலுமினியத்தினதும் ஒட்சைட்டுக்கள் மிகுந்து நிற்கும் செந்நிறக் கல் அது. நிலத்திலே இருக்கும்போது கத்தியாலும் வெட்டலாம். வெளியே எடுத்துக் காற்றுப்பட விட்டால் இறுகும். இதே கல்லைக் கேரளத்து அங்காடிப்புரத்திலே கண்ட பிரான்சிஸ் புக்கனன் என்பவர், செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக்கொண்டு 1807ஆம் ஆண்டிலே அதற்கு லற்றரைற்று எனப் பெயரிட்டார். கொட்டாஞ்சேனைக்குச் செல்வோர் இரண்டு கட்டடங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒல்லாந்தர் கட்டி 1757இலே வழிபாட்டுக்குத் திறந்த வுல்வெண்டால் தேவாலயத்தின் தடித்த சுவர்கள் கபுக்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்தவை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907ஆம் ஆண்டு தொடங்கி 1912இலே நிறைவேற்றிய பொன்னம்பலவாணேசர் ஆலயம் கருங்கல்லாலானது. ஒன்று மாற வேண்டியவை யாவும் ஏறக்குறைய மாறி முடிந்த கல். மற்றது மாறத் தொடங்கும் கல். பக்தருக்கும் யாத்திரிகருக்கும் வேறு வேறு காட்சி. மண்ணியல் மாணவனுக்கு ஒரே கதையின் முதலும் முடிவும்.

சரி, மணல் உண்டாயிற்று. களனி கங்கை, களு கங்கை முதலிய ஆறுகள் அதனை மேற்குக் கரைக்குச் சுமந்து வருகின்றன. கடலலைகள் அதனைக் கரையோரமாக நகர்த்திச் செல்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலே கடற்கரை மெலியும். காற்றுத் தணிந்தபின் ஓரளவு திரும்பக் கொழுக்கும். மணல் மணலாகவே இருக்கின்றது; இடந்தான் மாறுகின்றது. இதைவிடத் தூய பௌதிக மாற்றத்தைக் காண்பதரிது. விதியின்படி இது மீளவேண்டும். ஆனால் வெள்ளவத்தைக் கடற்கரையிலே புகையிரதப் பாதையோரமாக நிற்போரின் கண்ணுக்கு முதலிலே தெரிவது என்ன? அலையைத் தடுக்கக் குவித்துள்ள கருங்கற் பாறைகள்.

காரணம் பலவாயினும் ஒன்றை மாத்திரம் குறிப்பிடுகின்றேன். கட்டட வேலைகளுக்காக ஆறுகளிலிருந்து மணல் அள்ளப்படுகின்றது. மலை ஓராண்டில் உண்டாக்கி அனுப்பும் மணலைவிட, நாம் ஓராண்டில் அள்ளுவது அதிகமானால் ஆற்றின் அடித்தளம் தாழ்கின்றது. கடற்கரைக்குப் போய்ச் சேரவேண்டிய பங்கும் குறைகின்றது. களனி கங்கையின் அடித்தளம் தாழ்ந்தமையால், வரட்சிக் காலத்திலே கடல்நீர் ஆற்றினுள்ளே ஏறி, கொழும்புக்குக் குடிநீர் தரும் அம்பத்தளையை நோக்கி வருகின்றது. அதைத் தடுக்க ஆற்றுக்குக் குறுக்கே தடுப்பு இடவேண்டி நேர்ந்தது. 2020ஆம் ஆண்டிலே கல்கிசைக் கடற்கரையிலே, கடலடியிலிருந்து எடுத்த மணலைக் கொட்டிக் கரையை அகலமாக்கினர். பருவக்காற்று அலைகள் அம்மணலை இழுத்துச் சென்றமை பத்திரிகைகளிலே பெரும் விவாதமாயிற்று. மணலை இடம் மாற்றுதல் பௌதிக மாற்றந்தான். அதனை மீட்டுத் தருவது எவ்வளவு கடினம் பாருங்கள்.

இதனினும் பெரிய சான்று எமது ஊர்க் கிணறு. யாழ்ப்பாணத்திலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழை நீர் சுண்ணாம்புக் கல்லினுள் இறங்கி, அங்கே முன்பே ஊறியிருக்கும் கடல்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. நன்னீர் கடல்நீரிலும் சற்றுப் பாரங் குறைந்தது என்பதே இதற்குக் காரணம். நிலாவரையிலே மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீரும் இருப்பதன் இரகசியம் இதுவே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே ஒல்லாந்து நாட்டுக் கைபனும், 1901இலே ஜேர்மனியின் ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்ட கணக்கொன்று உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். இக்கணக்கு மகிழ்ச்சிக்குரியதுபோலத் தோன்றும். அதனைத் திருப்பிப் படித்தாற் கவலை பிறக்கும். இயந்திரத்தால் இறைத்து இறைத்து நீர்மட்டத்தை நிலையாக ஓரடி தாழ்த்தினால், கீழேயுள்ள உவர்நீர் நாளடைவில் ஏறக்குறைய 40 அடி மேலேறும்.

துலா மிதித்து, பட்டையால் இறைத்த காலத்திலே மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. இயந்திரம் களைப்பதில்லை. ஒருநாள் கிணறு உவர்க்கின்றது. உப்பும் நீரும் கலத்தலைப் பௌதிக மாற்றமென்றே பாடசாலையிற் கற்பிக்கின்றனர். உப்பு நீரைக் காய்ச்சினால் உப்பு வேறு, நீர் வேறாகும் என்று செய்தும் காட்டுகின்றனர். உண்மைதான். ஆனால் ஒரு கிராமத்துக் கிணறுகள் அத்தனையையும் எந்த அடுப்பிலே ஏற்றிக் காய்ச்சுவது? 2024ஆம் ஆண்டிலே வடமராட்சி கிழக்கில் தாளையடியிலே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. கடல்நீரைப் பேரமுக்கத்தோடு நுண்ணிய மென்சவ்வினூடாகத் தள்ளி உப்பைப் பிரித்தெடுக்கின்றனர். வானம் இலவசமாகச் செய்து தந்த வேலைக்கு இப்பொழுது மின்சாரமும் பணமும் செலுத்துகின்றோம். அந்நிலையம் வேண்டாம் என்பது என் கருத்தன்று. கலத்தல் எளிது, பிரித்தல் அருமை என்பதற்கு அதுவே சான்று என்கின்றேன்.

ஆகவே, சபையோரே, மாற்றத்தின் பெயரைக் கேட்டு அது மீளுமா மீளாதா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. எமது சங்கப் பொருளாளர் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்க்கவேண்டும். அவர் இரண்டே கேள்விதான் கேட்பார்: வரவு எவ்வளவு? செலவு எவ்வளவு? கேத்தலிலே படியும் கல்லுக்கு வரவுண்டு. கிணற்று நீர் நாள்தோறும் அதைக் கொண்டுவருகின்றது. ஆற்று மணலுக்கும் வரவுண்டு. ஆனால் செலவு அதனை விஞ்சிவிட்டது. மீளும் மாற்றங்கூட, செலவு வரவை மிஞ்சும்போது மீளாததாகிவிடுகின்றது.

முருகைக்கற் பாறையின் கதை இதற்கு முடிவான சான்று. முருகை உயிர்கள் கடல்நீரிலுள்ள கல்சியத்தை எடுத்துச் சுண்ணாம்புக் கல்லாகக் கட்டுகின்றன. பாறைபோல் திரண்டு வளரும் முருகைகள் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளரும். அக்கல்லை எடுத்துச் சூளையிலிட்டால், நூறு ஆண்டு உழைப்பு ஒரு வாரத்துக்குள் சுண்ணாம்பாகும். தென்மேற்குக் கரையிலே நெடுங்காலம் இவ்வாறே நடந்தது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை வந்தபோது, 1979இலே கடற் சரணாலயமாக்கப்பட்ட ஹிக்கடுவையிலே நீர் 2 முதல் 3 மீற்றர் உயரமாகவே வந்து சுமார் 50 மீற்றர் தூரமே உட்புகுந்தது. அங்கிருந்து ஏறக்குறைய 3 கிலோமீற்றர் வடக்கேயுள்ள பெரலியவிலே அது 10 மீற்றர் உயரமாகி ஒன்றரைக் கிலோமீற்றர் உட்சென்றது. முருகைக்கல் அகழப்பட்டமை இவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணமென ஆய்வாளர் சிலர் 2005இலே எழுதினர். வெள்ளவத்தையைக் கடந்து காலி நோக்கிச் செல்லும் அதே பாதையிலே அன்று காலை சென்ற "சமுத்திர தேவி" என்னும் புகையிரதம் பெரலியவிலேதான் அடித்துச் செல்லப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே உயிரிழந்தனர். மெல்ல மெல்ல எடுத்த கடனுக்கு ஒரே காலையிலே கணக்குக் கேட்கப்பட்டது.

மெல்ல நிகழும் மாற்றத்தின் பேராபத்து, அது கண்ணுக்குத் தெரியாமையே. நேற்றுப் பார்த்ததைப்போலவே இன்றும் தோன்றும். கண் அதைப் பிடிக்காது; குறிப்பேடு பிடிக்கும். சார்ள்ஸ் கீலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1958ஆம் ஆண்டிலே ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையிலே காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை அளக்கத் தொடங்கினார். அப்பொழுது வளியின் பத்து இலட்சம் பங்கில் 315 பங்களவாக அது இருந்தது. இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. ஒருநாளின் அளவை மட்டும் பார்த்தால் எதுவுமே தெரியாது. ஆண்டுக்கணக்கிலே சலிப்பின்றி எழுதி வைத்தமையாலேயே உலகம் அறிந்துகொண்டது. அவர் செய்தது அரிய வித்தையன்று. ஒரே இடத்திலே, ஒரே முறையிலே, விடாமல் அளந்தார்.

எனது தோழர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கின்றேன். எம்முட் பலர் விடுமுறைக்கு ஊருக்குச் செல்பவர்கள். செல்லும்போது ஒரு கயிறும், அதன் நுனியிலே கட்ட ஒரு சிறு பாரமும் கொண்டு செல்லுங்கள். அதிகாலையிலே, இறைப்புத் தொடங்கும் முன்னர், கிணற்றுக் கட்டின் விளிம்பிலே ஓர் அடையாளம் இட்டு, அங்கிருந்து நீர்மட்டம் எவ்வளவு கீழே இருக்கின்றதென அளந்து, திகதியோடு எழுதுங்கள். ஊரிலிருக்கும் தம்பி தங்கையரிடம் அந்தக் குறிப்புப் புத்தகத்தை ஒப்படைத்து, மாதந்தோறும் எழுதச் சொல்லுங்கள். கொழும்பிலே இருப்போர், வீட்டுத் தளத்திலே மண்ணிறக் கோடு தெரிந்தால் அதன் இரு நுனியிலும் பென்சிலால் அடையாளமிட்டுத் திகதி எழுதுங்கள். கைத்தொலைபேசியிலே மாதமொரு படம் எடுத்து வையுங்கள். பெரியோர்களும் இதற்கு உதவலாம். முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் உங்கள் கிணற்றிலே கோடையில் எத்தனை படி தெரிந்தது, எந்த மாதத்தில் நீர் சவர்த்தது என்ற நினைவுகள் உங்களிடமே உள்ளன. அவற்றை நாங்கள் கேட்டு எழுதிக்கொள்ள இடந்தாருங்கள். அந்த நினைவுகளே எமது குறிப்பேட்டின் முதற் பக்கம்.